ஒன்பதாவது கட்டு

நார்த் பிலடெல்ஃபியாவில் ரிட்ஜ் அவென்யூ பக்கம் போய் தர்ஸ்டன் கேடி வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "எந்த தர்ஸ்டன்? ரிக்கார்டு போட்டாரே, அவரா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். இருபத்தெட்டு வருஷம் தபாலாபீசில் நின்றபடியே ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவன், இதெல்லாம் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. 1958-ல் ஒரே ஒரு மத்தியானம் வாசித்து வெளிவந்த ஒரே ஒரு ரிக்கார்டு. ஆளுக்கு அதுதான் அடையாளம்.

அப்படி ஒரு பேர் கிடைத்தால் மனுஷன் பூரித்துப் போக வேண்டாமா? இவனோ அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் போதும், தொப்பியைத் தேட ஆரம்பித்துவிடுவான். எவ்வளவு அடக்கமான மனுஷன் பாருங்கள் என்று ஊர் மெச்சிக்கொண்டது. அடக்கமாவது, மண்ணாங்கட்டியாவது! அது வெட்கம். முப்பத்தொரு வருஷமாக உள்ளே வைத்துப் பூட்டின வெட்கம். இன்னது என்று அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

தர்ஸ்டனின் அப்பா ஆற்றங்கரை சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கினவர். அம்மா சர்ச்சே கதி என்று கிடந்தவள். சர்ச் கீழ்த்தளத்தில் நாலு கட்டை உடைந்த பியானோ ஒன்று கிடந்தது. பையன் அதில்தான் கை பழகினான். ரெண்டு தெரு தள்ளி ஹோசயா மேப்ரி. அவன் ட்ரம்பெட். பள்ளிக்கூட பேண்டில் பக்கத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததிலிருந்து ரெண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

ஹோசயாவின் காதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. என்ன காது அது! சரக்கு ரயில் ஊதினால் சுரம் சொல்லுவான். கதவு கிறீச்சிட்டால் சுரம் சொல்லுவான். முடிவெட்டுகிற கடையில் அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிற்க வைத்து, பாட்டிலைத் தட்டி, சீப்பை உரசி, கத்தரிக்கோலைக் கீழே போட்டுப் பந்தயம் கட்டுவார்கள். ஒருமுறைகூடத் தோற்றதில்லை. புதுப் பாட்டை ஒரு தடவை கேட்டால் போதும், ரெண்டாம் தடவை கூட வாசிப்பான். "எனக்கு மூஞ்சி சுமாருதான். ஆனா இந்த ரெண்டு காதும் கடவுள் நேர்ல வந்து ஒட்டினது," என்று காதைப் பிடித்து இழுத்துக் காட்டுவான். ஆளுக்கு வேறு சொத்தே கிடையாது.

அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஹார்ட் பாப் என்கிற ஜாஸ்தான். வேகம் வேகமாகவே இருக்கும், ஆனால் அடியில் சர்ச்சு கைதட்டலும் ப்ளூஸின் அழுகையும் ஓடிக்கொண்டே இருக்கும். கொலம்பியா அவென்யூ மதுக்கடை ஒன்றில் ஹோசயாவும் இருந்த தர்ஸ்டனின் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது நியூயார்க்கிலிருந்து லாஸ்கர் என்று ஒரு கம்பெனிக்காரர் வந்து கேட்டார். பாட்டெல்லாம் யார் கட்டினது என்று விசாரித்தார். தர்ஸ்டன் என்றார்கள். "அப்ப உன் பேர்ல ஒரு ரிக்கார்டு போடுவோம்," என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்தேழு வயசில் தலைவன்!

ஹோசயாவுக்கும் அதே மாசம் ஒரு கதவு திறந்தது. நாடு முழுக்கச் சுற்றுகிற ஒரு பெரிய பேண்டின் தலைவர் அவன் வாசிப்பதைப் பாதி நிமிஷம் கேட்டுவிட்டு, "ஜனவரியில எனக்கு ஒரு ட்ரம்பெட் தேவைப்படுது தம்பி. உங்க ரிக்கார்டு வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்," என்று சொல்லியிருந்தார். ஹோசயாவின் பெண்சாதிக்கு அப்போது மாசம் ஏழு. அவன் ஆகாயத்தில் மிதந்துகொண்டிருந்தான்.

ரிக்கார்டுக்குள்ளே தர்ஸ்டன் உயிராய் நினைத்த பாட்டு 'ஆர்னெட்டாவின் அடுக்களை'. ஆர்னெட்டா அவன் பெண்சாதி. அவளிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. கரண்டியை ஒருமுறை சுற்றுவாள், அப்புறம்தான் வாயைத் திறப்பாள். அதை அப்படியே பாட்டில் வைத்தான். எப்படி என்றால், நாலு எண்ணினால் ஒரு கட்டு. சாதாரணமாக எட்டுக் கட்டு முடிந்ததும் பாட்டு அடுத்த பகுதிக்குத் திரும்பிவிடும். இவன் பாட்டில் ஒன்பது. அந்த ஒன்பதாவது கட்டில் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்று காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் திரும்ப வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் பாட்டின் அழகே இருந்தது. பழகாதவன் முன்னாலேயே திரும்பி மூக்கை உடைத்துக்கொள்வான்.

ஒத்திகை ரெண்டு நாள், தர்ஸ்டன் வீட்டு முன்னறையில். ஹோசயா ஒரு தடவைகூடத் தப்பவில்லை. "உன் பொண்டாட்டி பதில் சொல்ற வரைக்கும் நிக்கணும், அவ்வளவுதானே? நான் சாப்பாட்டுக்காக எத்தனை தடவை நின்னிருக்கேன்!" என்றான். அடுக்களையிலிருந்து ஆர்னெட்டா, "இன்னிக்கும் நில்லு, சாயங்காலம் வரைக்கும் நில்லு," என்று குரல் கொடுத்தாள்.

ஸ்டுடியோ ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சியில் இருந்தது. மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் இடம் இவர்களுக்கு. அஞ்சு பாட்டு சுளுவாக முடிந்தது. 'அடுக்களை' கடைசியில். முதல் தடவை டிரம்ஸ்காரன் குச்சியைக் கீழே போட்டான். ரெண்டாவது தடவை வேகம் கூடிப்போனது. மூன்றாவது தடவையில்தான் அது நடந்தது.

ஹோசயா தனியாக வாசிக்கிற தன் முறையை வாசித்துக்கொண்டிருந்தான். ரெண்டாவது சுற்று. சும்மா சொல்லக்கூடாது, அமிர்தமாய் வாசித்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் துணையாகப் பியானோ வாசித்துக்கொண்டிருந்த தர்ஸ்டனுக்கு மனசு வேறு எங்கேயோ போய்விட்டது. அடுத்தது என் முறை, லாஸ்கர் பார்க்கிறார், என்ன வாசிப்பேன், எப்படித் தொடங்குவேன் என்று யோசித்துக்கொண்டே கை எட்டாவது கட்டு முடிந்ததும் தானாகத் திரும்பிவிட்டது. தான் கட்டின பாட்டு. தன் பெண்சாதியின் பேரில் கட்டின பாட்டு. அதில் அந்த ஒன்பதாவது கட்டை மறந்தவன் அவன்தான்!

தனி வாசிக்கிறவன் பியானோவைத்தான் நம்புவான். பியானோ ஒரு பக்கம் திரும்பினால் தானும் திரும்புவான்; இந்தத் தொழிலில் அது பழக்கம். ஹோசயாவின் காதுக்கு அது கேட்டது, அவன் கூடவே திரும்பினான். பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியம் வாசித்த ஜூனியஸ் மட்டும் கல்லுப்போல ஒன்பதாவதில் நின்றான். தர்ஸ்டனுக்குச் சுரீர் என்றது. ஒரு நொடியில் கையை இழுத்து ஜூனியஸோடு சேர்ந்துகொண்டான். ஹோசயா நடுத்தெருவில் தனியாக நின்றான். ஒரு சுரம் பிசிறியது. இன்னொன்று உடைந்தது. பிறகு ட்ரம்பெட் நின்றேபோனது. ஆறு கட்டு வெறுமை.

அந்த வெறுமைக்குள் தர்ஸ்டன் குதித்தான். பயத்தில் குதித்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் வந்ததை என்னவென்று சொல்ல! அவன் வாழ்நாளில் அதற்கு முன்னும் அப்படி வாசித்ததில்லை, பின்னும் வாசிக்கப் போவதில்லை. மூன்று சுற்று. முடிந்தபோது டிரம்ஸ்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து லாஸ்கர் ஓடி வந்தார். "என்னய்யா பண்ணினே! இது மாதிரி நான் கேட்டதே இல்லை. ட்ரம்பெட்தான் நடுவுல எங்கேயோ போயிடுச்சு. என்ன ஆச்சு?"

ஒரே ஒரு ஸ்பீக்கரில் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். அந்த இடத்தில் ட்ரம்பெட்டின் சத்தத்துக்கடியில் பியானோ புதைந்து கிடந்தது. ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. ஹோசயாவின் முகத்தில் ஈயாடவில்லை. தர்ஸ்டனின் பக்கத்தில் வந்து, மெதுவாக, சண்டைக்காக இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டான்:

"தர்ஸ், அங்க முதல்ல திரும்பினது நீயா, நானா?"

லாஸ்கர் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவனுக்கே தன் பாட்டு தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் முதல் ரிக்கார்டில்?

"நீதான்டா," என்றான் தர்ஸ்டன்.

ஹோசயா தலையை ஆட்டினான். காதை ஒரு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டான். ஜூனியஸ் மட்டும் பாஸின் கழுத்தைப் பிடித்தபடி தர்ஸ்டனையே பார்த்தான். பியானோவை ஒட்டி நின்றவன் அவன், அவனுக்குக் கேட்டிருக்கும். ஆனால் கம்பெனிக்காரன் எதிரில் தலைவனைக் காட்டிக்கொடுக்கிற வழக்கம் இவர்களிடத்தில் கிடையாது. அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் தர்ஸ்டன் எத்தனை தடவை வாசிக்கக் கூப்பிட்டாலும், "அன்னிக்கு எனக்கு வேலை இருக்கு," என்று ஒரே பதில்தான். 1971-ல் செத்துப்போகும் வரைக்கும் அவனுக்கு வேலை இருந்தது.

நாலாவது தடவையும் வாசித்தார்கள். ஹோசயா பிசகில்லாமல் வாசித்தான், ஆனால் காலால் எண்ணிக்கொண்டே வாசித்தான். தர்ஸ்டனின் பியானோ உப்புச்சப்பில்லாமல் இருந்தது. மூன்றாவதையும் நாலாவதையும் வெட்டி ஒட்ட முடியுமா என்று லாஸ்கர் பார்த்தார். முடியாது, ட்ரம்பெட் உடைகிற இடத்திலேயே பியானோவின் வாசிப்பு பிறந்துவிட்டது, ரெண்டும் பின்னிக் கிடந்தது.

"உன் ரிக்கார்டு. நீயே எடுத்துக்கோ, மூணா, நாலா?" என்றார் லாஸ்கர்.

ஹோசயா தர்ஸ்டனின் சட்டைக்கையைப் பிடித்தான். "நாலைப் போடுடா. ஜனவரி வேலை இருக்கு எனக்கு. கெஞ்சிக் கேட்கறேன்."

"மூணுலதான்டா உயிர் இருக்கு. உன் இடம் யாருக்குத் தெரியப்போகுது, ஆறே கட்டு," என்றான் இந்தப் பாவி.

ரிக்கார்டு வந்தது. உறையில் தர்ஸ்டன் கேடி என்று கொட்டை எழுத்து. உள்ளூர் ரேடியோவில் 'அடுக்களை'யை நாளுக்கு ரெண்டு தடவை போட்டார்கள். பெரிய பேண்டின் தலைவரும் கேட்டார். ஜனவரியில் வேறு ஒருத்தனை எடுத்துக்கொண்டார். ஹோசயாவுக்குச் சொல்லி அனுப்பக்கூட இல்லை.

வேலை போனதைக்கூட ஹோசயா தாங்கிக்கொண்டிருப்பான். அவன் தாங்க முடியாதது வேறு. 'நான் சரியாகத்தான் கேட்டேன், ஆனால் தப்பாகப் போனேன்' என்றால் என் காது பொய் சொல்கிறது என்றுதானே அர்த்தம்? வாசிக்கும்போதெல்லாம் உள்ளே எண்ண ஆரம்பித்தான். எண்ணுகிறவனுக்கு இந்தச் சங்கீதம் வராது. 1961-ல் ட்ரம்பெட்டை விற்றுவிட்டு நகர பஸ் ஓட்டப் போனான். கடையில் பாட்டிலைத் தட்டிச் சுரம் கேட்டால், "தெரியலப்பா, வேற யாரையாவது கேளு," என்று சொல்லிவிடுவான். ஏழு வயசில் மகள் டெனீஸ், "அப்பா, நான் பாடறது சுரம் சேருதா?" என்று கேட்டபோது என்ன சொன்னான் தெரியுமா? "தர்ஸ்டன் அங்கிளைப் போய்க் கேளும்மா. அவருக்குத்தான் காது." குழந்தை வந்து கேட்டது. தர்ஸ்டன் சொல்லியும் அனுப்பினான்.

ஊருக்கும் வாய் சும்மா இருக்குமா? எவனாவது வாசிக்கும்போது வழி தவறினால், "ஹோசயா ஆயிட்டான்டா," என்று சொல்வது வழக்கமாகிப் போனது. பஸ்ஸில் ஏறுகிறவன், "அண்ணே, பஸ்ஸாவது சரியான தெருவுல திரும்புமா?" என்பான். ஹோசயா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவான்.

ஒருநாள் முடிவெட்டுகிற கடையில் தர்ஸ்டன் நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருக்கும்போது கடைக்காரன் இதே கதையை நடித்துக் காட்டினான். வாயைக் குவித்து ட்ரம்பெட் மாதிரி ஊதி, நடுவில் விக்கி, முழித்து, "எங்கம்மா வீடு எந்தப் பக்கம்?" என்றான். கடையே உருண்டு சிரித்தது. தர்ஸ்டனும் சிரித்தான். கண்ணாடியில் தன் மூஞ்சி சிரிப்பதைப் பார்த்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு ஆறு தெரு தள்ளி வேறு கடைக்குப் போனான். ரொம்பப் பெரிய பிராயச்சித்தம்!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்றைக்கு ஹோசயா குடும்பத்தோடு வருவான், சர்க்கரைவள்ளிக்கிழங்கில் சுட்ட 'பை' பலகாரம் எடுத்துக்கொண்டு. சாப்பாடு முடிந்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டதும் தர்ஸ்டனின் தோளில் கை போட்டு, "உன் ரிக்கார்டுல ஒரே ஒரு கறை இருக்கு, அது நான். மன்னிச்சுக்கோடா தர்ஸ்," என்பான். பாதி விளையாட்டு, பாதி நிஜம். வருஷாவருஷம். தர்ஸ்டன் என்ன சொல்வான் தெரியுமா? "விடுடா, பழைய கதை," என்பான். மன்னிக்கிறாராம்!

சொல்லிவிட வேண்டும் என்று அவன் நினைக்காமல் இல்லை. நாளைக்குச் சொல்வேன், ஈஸ்டருக்குச் சொல்வேன், டெனீஸ் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனான். தள்ளத் தள்ளச் சொல்ல வேண்டியதன் கனம் கூடிக்கொண்டே போனது. சங்கீதம் மாறிப்போனது, கூப்பிடுவார் இல்லை, ரெண்டாவது ரிக்கார்டு வரவில்லை. அவன் தபாலாபீசில் சேர்ந்தான். சர்ச்சில் ஆர்கனுக்கு முன்னால் உட்காரும்போது நேர் எதிர் வரிசையில் ஹோசயா உட்கார்ந்திருப்பான். எல்லோரும் தொண்டை கிழியப் பாடுகையில் அவன் உதட்டை மட்டும் அசைப்பான், சத்தம் வராது. தர்ஸ்டன் தன் கையையே பார்த்துக்கொண்டு வாசிப்பான்.

1989 வசந்தத்தில் நியூயார்க்கிலிருந்து போன் வந்தது. மிஸ் ஹாலண்ட் என்று ஒரு பெண். பழைய கம்பெனியின் டேப்புகளை வாங்கி சி.டி.யாகப் போடுகிறார்களாம், தர்ஸ்டனின் ரிக்கார்டும் அதில் உண்டாம்.

"சார், ஒரு சந்தேகம். தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். "அன்னிக்கு ஓரத்துல இன்னொரு மெஷினும் ஓடியிருக்கு. ஸ்டீரியோ. அப்ப அது புதுசு, யாரும் கண்டுக்கலை போல. அதுல ட்ரம்பெட் இடது பக்கமும் பியானோ வலது பக்கமும் தனித்தனியா விழுந்திருக்கு. அந்த 'அடுக்களை' பாட்டுல, ட்ரம்பெட் தடுமாறுற இடத்துல..." அவள் நிறுத்தினாள். "கேசட் அனுப்பறேன். நீங்களே கேளுங்க. எல்லாம் ஒண்ணா கலந்த பழைய மோனோ டேப்பைப் போடறதா, ஸ்டீரியோவைப் போடறதான்னு சொல்லுங்க. உங்க ரிக்கார்டு, உங்க இஷ்டம்."

அதே வார்த்தை. முப்பத்தொரு வருஷம் கழித்து அதே வார்த்தை வந்து நின்றது.

கேசட் வந்ததும் கீழ்த்தளத்துக்கு எடுத்துப்போய்க் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டான். வலது காதில் அவனுடைய பியானோ எட்டாவதில் பளிச்சென்று திரும்பியது. அதற்கப்புறம் அரை மூச்சு கழித்து இடது காதில் ட்ரம்பெட் அவனை நம்பிப் பின்னால் வந்தது. பிறகு வலது காதில் பியானோ சத்தமில்லாமல் நழுவி ஓடியது. குழந்தைக்குக்கூடப் புரியும்.

அவன் மேலே வந்து மிஸ் ஹாலண்டைக் கூப்பிட்டு என்ன சொன்னான் என்று நினைக்கிறீர்கள்? "மோனோவே போடுங்க. நாங்க அப்படித்தான் செஞ்சோம்," என்றான். ஐம்பத்தெட்டு வயசில்! "சரிங்க சார்," என்றாள் அவள். அந்தக் குரலில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. போனை வைத்துவிட்டு அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயசில் செய்ததற்கு வயசின் மேல் பழி போடலாம். இப்போது எதன் மேல் போடுவான்?

மறுநாள் சனிக்கிழமை. கடைக்குப் போய்த் திரும்பியபோது வீட்டுக்குள் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆர்னெட்டா துணி எடுக்கக் கீழே போனவள் மெஷினில் கேசட்டைப் பார்த்திருக்கிறாள். மேலே கொண்டுவந்து போட்டுவிட்டாள். அவளுக்குச் சங்கீதம் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பத்தொரு வருஷமாகப் பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிற பாட்டு அது.

அந்த இடம் வந்தது, போனது. அவள் கரண்டியை ஒருமுறை சுற்றினாள்.

"அங்க நிக்கணும். நீ நிக்கலை," என்றாள். "நீதான் முதல்ல போனே."

தர்ஸ்டன் பையைக் கீழே வைத்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"அப்பவே."

"அப்பவேன்னா, ஸ்டுடியோவுலயா?"

"ஆமா. அவன் கேட்டான். நீதான்டான்னு சொன்னேன்."

ஆர்னெட்டா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அவள் அடுப்பை அணைத்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வருஷாவருஷம் அவன் இந்த மேஜையில உட்கார்ந்து உன்கிட்ட மன்னிப்புக் கேட்டான். பக்கத்துல அவன் பொண்டாட்டி இருந்தா, பொண்ணு இருந்தா. நீ அவனுக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வெச்சே. நானும் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். என் பேரை வேற வெச்சிருக்கே அந்தப் பாட்டுக்கு." அவள் கேசட்டை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எனக்கே வெட்கமா இருக்கு தர்ஸ்டன். உன் மூஞ்சியைப் பார்க்க முடியலை. போ."

"எங்க போக?"

"எங்க போகணும்னு உனக்குத் தெரியாதா?"

நாலு தெரு. அன்றைக்கு அது நாற்பது தெரு மாதிரி இருந்தது. வழியில் மூன்று பேர் வணக்கம் சொன்னார்கள். ஒருத்தர், "என்ன தர்ஸ்டன், உங்க ரிக்கார்டு மறுபடி வருதாமே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். திரும்பிப் போய்விடலாமா என்று ரெண்டு தடவை நின்றான். ஹோசயா வீட்டு வாசல்படியில் மூன்றாவது தடவை நின்றான். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

"வாடா வாடா! சனிக்கிழமையில ஆளையே காணோமேன்னு பார்த்தேன். பீன்ஸ் வெந்துட்டிருக்கு, உட்காரு." ஹோசயா பணியிலிருந்து ஓய்வு பெற ரெண்டு வருஷம் இருந்தது, சட்டைப் பையில் இன்னும் பஸ் கம்பெனி பேனா. "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாராவது போயிட்டாங்களா?"

"ஒரு கேசட் கொண்டுவந்தேன் ஹோஸ். அந்த ரிக்கார்டு."

ஹோசயாவின் சிரிப்பு நின்றது. "அது எதுக்கு இந்த வீட்டுல? நான் அதை வெச்சுக்கறதில்லைன்னு உனக்குத் தெரியுமே."

"ஒரு தடவை கேளு. 'அடுக்களை' மட்டும். வலது ஸ்பீக்கர் கிட்ட உட்கார்ந்து கேளு. கேட்டுட்டு என்னை என்ன வேணும்னாலும் செய்."

முன்னறையில் டெனீஸ் வாங்கிக் கொடுத்த செட் இருந்தது. ஹோசயா மனசில்லாமல் போட்டான். பாட்டு தொடங்கியதும் அவன் கை தன்னையறியாமல் ட்ரம்பெட்டின் மூன்று கட்டைகளை அமுக்குகிற மாதிரி தொடைமேல் அசைந்தது. அவனுடைய முறை வந்தது. முதல் சுற்று. ரெண்டாவது சுற்று. இளவயசு ஹோசயா இடது பக்கத்திலிருந்து அமிர்தமாய்ப் பொழிந்துகொண்டிருந்தான். கிழவன் ஹோசயா வலது ஸ்பீக்கரின் மேல் காதை வைத்துக்கொண்டிருந்தான்.

அந்த இடம் வந்தது. அவன் நிமிர்ந்தான். டேப்பைப் பின்னுக்கு ஓட்டினான். மறுபடி கேட்டான். மறுபடி ஓட்டினான். அஞ்சு தடவை. தர்ஸ்டன் தொப்பியை ரெண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான். உட்கார் என்று இப்போது யாரும் சொல்லவில்லை. அடுப்பில் பீன்ஸ் தீய்கிற வாசனை வந்தது.

ஹோசயா மெஷினை நிறுத்தினான். திரும்பிப் பார்க்காமலே கேட்டான்:

"தர்ஸ், அங்க முதல்ல திரும்பினது நீயா, நானா?"

அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்டான். அந்த வாயிலிருந்தே வரவேண்டும் என்று கேட்டான்.

"நான்தான்," என்றான் தர்ஸ்டன். "நான்தான் ஹோஸ். அப்பவே தெரியும்."

ஹோசயா தன் காதைத் தொட்டான், ஒரு காதை, அப்புறம் இன்னொரு காதை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நான் சிரிச்சிருப்பேன்டா," என்றான். "பாட்டைக் கட்டினவனுக்கே பாட்டு மறந்துபோச்சான்னு ஒரு வாரம் உன்னை ஓட்டியிருப்பேன். அவ்வளவுதான். அவ்வளவேதான்டா நடந்திருக்கும்."

தர்ஸ்டன் கூனிக்குறுகி நின்றான். திட்டு, அடி, ஏதாவது செய் என்று கெஞ்ச வாயெடுத்தான்.

"பேசாதே," என்றான் ஹோசயா. "அந்த டேப்பு என்ன ஆகப்போகுது?"

"நேத்து மோனோ போடச் சொன்னேன். உனக்குக் கேட்காத மாதிரி." அதையும் சொல்லிவிட்டான். "இப்ப போய் மாத்திச் சொல்றேன். ஸ்டீரியோவைப் போடச் சொல்றேன். தப்பு என்னுதுன்னு உறையில எழுதச் சொல்றேன்."

"நேத்தா?" ஹோசயா முதல் தடவையாக அவனைத் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தர்ஸ்டன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். அது கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஆளைப் பஸ்ஸில் ஏறும்போது பார்க்கிற பார்வை. "சரி. போய்ச் சொல்லு. கேசட் இங்க இருக்கட்டும். கதவைச் சாத்திட்டுப் போ."

தர்ஸ்டன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான். நாலு படி இறங்குவதற்குள் உள்ளே பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. ஜன்னல் திறந்து கிடந்தது. போக வேண்டும் என்றுதான் நினைத்தான், கால் வரவில்லை. ட்ரம்பெட் வந்தது, ரெண்டாவது சுற்று வந்தது, பிசிறியது, உடைந்தது, நின்றது.

அப்போது உள்ளே ஒரு கிழட்டுக் குரல் பாடத் தொடங்கியது. சர்ச்சில் முப்பது வருஷம் உதட்டை மட்டும் அசைத்த குரல். ஒன்பதாவதில் நின்று, காத்திருந்து, சரியான இடத்தில் திரும்பி, அந்த ஆறு கட்டையும் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போனது. ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. பின்னால் ஊரே மெச்சின அந்தப் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. குரல் அதை லட்சியமே பண்ணாமல் தன் வழியில் போயிற்று. தர்ஸ்டன் படியில் உட்கார்ந்து, முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு, முடிகிற வரைக்கும் கேட்டான்.